தூங்குகிறவளைப் படம் எடுத்தது யார்?

மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன் பிப்ரவரி பிறந்தும் வடகோடி ஸ்குக்விக் கிராமத்துக்கு இன்னும் திரும்பவில்லை. டாக்ஸியின் ஹீட்டரைப் பேடர் முழுசாகத் திருகி வைத்திருந்தும், பின்சீட்டில் யோருன் நடுங்கிக்கொண்டேதான் இருந்தாள். மடியில் ஒரு கம்பளிப் பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்திருந்தாள்.

"வீட்டுக்குத்தானே?" என்று கேட்டான் பேடர்.

"இல்லடா. டாக்னி வீட்டுல விடு."

பேடருக்குக் குளிரே மறந்துபோனது. டாக்னி முப்பது வருஷம் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் காய்ச்சும் காப்பி வாயில் வைக்க விளங்காது. அதனால் காப்பிக்காக அவள் வீட்டுக்கு யாரும் போவதில்லை. போனால் விவகாரம் இருக்கிறது என்று அர்த்தம். பேடர் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது அவளுடைய உதவியாளன். அந்தப் பதவியை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். யோருனை இறக்கிவிட்டுப் போகாமல், அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்து ஒரு நாற்காலியையும் பிடித்துவிட்டான்.

டாக்னி அடுப்பில் கெட்டிலை வைத்தாள். யோருன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஹில்மார் வீட்டுக்கு வரான்" என்றாள்.

பேடர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டான். ஹில்மார் அவளுடைய கணவன். போன வருஷம் பிப்ரவரிக் கடைசியில் மீன் பிடிக்கப் போனவன். படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. கடலில் செத்துக் கல்லறை கிடைக்காதவன் ட்ரௌக் என்ற கடற்பிசாசு ஆகிவிடுவான், பாதிப் படகில் ஏறித் திரும்பி வருவான், தலை இருக்க வேண்டிய இடத்தில் கடற்பாசிக் கொத்து இருக்கும் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். பகலில் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். இருட்டு மாதங்களில் யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

"நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டாள் டாக்னி.

"இல்ல. இதுல." யோருன் பையைத் திறந்து ஒரு சின்ன வெள்ளிநிறக் கேமராவை எடுத்து, அதன் அட்டைப்பெட்டியோடு மேசைமேல் வைத்தாள். "கிறிஸ்துமஸுக்கு எய்லெர்ட் வாங்கித் தந்தது. டிஜிட்டல். ஃபிலிம் வேண்டாமாம், கார்டு போதுமாம். என் மகன் எனக்கு எதையாவது யோசிச்சு வாங்கினது இதுதான் முதல் தடவை. நானும் பூனைய எடுத்தேன், ஜன்னல எடுத்தேன், காயப்போட்ட மீன எடுத்தேன். ஜனவரி முதல் வாரத்துல ஒருநாள் போட்டுப் பாத்தா, நான் எடுத்தது ஒண்ணுகூட இல்ல. நான் நாற்காலில தூங்குற மாதிரி ஒரு படம்! நான் தனியா இருக்கேன், டாக்னி. நான் தூங்குறத யாரு எடுக்கறது?"

"அது ஒண்ணு மட்டுந்தானா?"

"இன்னும் ரெண்டு. ஒண்ணுல ராத்திரி ஜன்னல். அதுல ஒரு ஆம்பள நிக்கறான், தலையில்லாம. இன்னொண்ணு எங்க படகுக் கொட்டகைக் கதவு, பாதி திறந்திருக்கு. எய்லெர்ட்டுக்கு ஃபோன் போட்டேன். அவன் வர நாலு நாள் ஆச்சு. அவன் வந்து பாத்தா பூனையும் மீனும்தான் இருக்கு! அப்புறம் மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் அவன் பாக்கறப்ப இல்ல."

கொட்டகைக்கு வா என்று ஹில்மார் கூப்பிடுவதாக நினைத்து அவள் தினமும் விளக்கேற்றி அங்கே ஒரு தட்டுச் சோறு கொண்டு வைத்திருக்கிறாள். போன வாரம் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு நீலம் பூத்துவிட்டது. மகன் பயந்துபோய் நகராட்சிக்குச் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை டூரிட் என்ற செவிலி வந்து பார்ப்பாள். அம்மா தனியாக இருக்க லாயக்கில்லை என்று அவள் சொல்லிவிட்டால் நகரத்து முதியோர் இல்லத்தில் ஓர் அறை தயாராக இருக்கிறது, வீட்டை விற்றுவிடுவார்கள்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருந்தா சொல்லிடு. போயிடறேன்" என்றாள் யோருன். "ஆனா அவன் வந்துட்டிருந்தான்னா, பூட்டின வீட்டுக்கா அவன் வரணும்?"

டாக்னி கேமராவை ஆன் செய்தாள். பூனை. ஜன்னல். மீன். மறுபடி பூனை. தேதி இருக்க வேண்டிய மூலையில் வெறும் கோடுகள். கடிகாரத்தை யாரும் சரி பண்ணி வைக்கவில்லை. பேடர் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான், பிறகு மூக்கைச் சுளித்தான்.

"டாக்னி, இத மோந்து பாரு. தாரும் டீசலும் கலந்த நாத்தம். படகு நாத்தம்! பொம்பள வீட்டு அலமாரில இருந்த பெட்டிக்கு இந்த நாத்தம் எப்படி வரும்? அவன் தொட்டிருக்கான்!"

"மோந்து பாத்தது நல்ல காரியம்" என்றாள் டாக்னி. "அதோட நிறுத்திக்க. யோருன், எடுத்த படத்தை எல்லாம் காகிதத்துல போட்டீங்களா?"

"கூட்டுறவுக் கடைல கொடுப்பேன். கடைக்காரி அத நகரத்துக்கு அனுப்புவா. ஒரு வாரம் ஆகும்."

"கேமராவையே கொடுப்பீங்களா?"

"கேமராவ எதுக்கு? அந்தச் சின்ன கார்டுதான்."

டாக்னி தலையாட்டினாள். பிறகு கேமராவின் அடியில் இருந்த மூடியை நகத்தால் தள்ளி, தபால்தலை அளவு கார்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். கேமராவை மறுபடியும் ஆன் செய்தாள்.

பேடரின் கையில் இருந்த கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

திரையில் யோருன் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, செத்துப்போனவள் போலவே இருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் நெருப்புப் பிடித்த மாதிரி ஒரு வட்டம். அதற்குக் கீழே, அவள் பின்னால், கறுப்பாக ஒரு சிலுவை. பக்கத்து முக்காலியில் ஒரு தட்டு, அதில் யாரோ கடித்து வைத்த ஒரு பன். படத்தின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம். பேடர் அதைத் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தான், போகவில்லை.

டாக்னி பொத்தானை அழுத்தினாள். ராத்திரி ஜன்னல் வந்தது. கண்ணாடியில் ஒரு ஆணின் தோள்கள், தடித்த கம்பளிச் சட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளிச்சம் மட்டும் வெடித்திருந்தது. அதற்கு அடுத்தது கொட்டகைக் கதவு, உள்ளே ஒரே கறுப்பு.

"இதுதான்!" யோருன் எழுந்து நின்றுவிட்டாள். "அந்தச் சட்ட நான் பின்னினது. பாத்தியா? நான் பொய் சொல்லல."

"நீங்க பொய் சொல்லல. உங்களுக்குப் பைத்தியமும் இல்ல. இப்போதைக்கு அத மட்டும் வச்சுக்கோங்க" என்றாள் டாக்னி. "இந்த மாதிரி கேமராவுக்கு வயித்துக்குள்ளயே கொஞ்சம் இடம் உண்டு. கார்டு இருந்தா அது கார்டுலதான் எழுதும், கார்டத்தான் காட்டும். கார்டு இல்லன்னா தன் வயித்துல இருக்கறத காட்டும். கார்டு கடைக்குப் போனப்பல்லாம் இவரு வந்தாரு. நீங்க கார்டத் திருப்பிப் போட்டதும் போயிட்டாரு. உங்க மகன் வரும்போதெல்லாம் கார்டு உள்ள இருந்துச்சு."

பேடருக்குப் பாதிதான் ஆறுதல். "சரி, ஏன் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்ட. எடுத்தது யாருன்னு சொல்லலையே! புதுக் கேமரா. கிறிஸ்துமஸுக்கு வந்தது. அவங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் நின்னு, அவங்க தூங்கறத..."

"ஆமா" என்றாள் டாக்னி. "அதான் எனக்கும் தெரியணும்."

மறுநாள் காலை இருவரும் யோருன் வீட்டுக்குப் போனார்கள். கடலைப் பார்த்த மர வீடு. வெளியே ராத்திரியும் பகலும் ஒரே நிறத்தில் இருந்தன. டாக்னி வரவேற்பறையில் நுழைந்து அந்த நாற்காலியையும், அதற்கு மேலே தொங்கிய பித்தளை பேரோமீட்டரையும், எதிரே தெற்கு பார்த்த ஜன்னலையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பேடர் நாற்காலியில் உட்காரவில்லை. உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டான். சுவரைத் தடவிப் பார்த்தான். நெருப்புக் கறையும் இல்லை, சிலுவையும் இல்லை.

சாம்பல் நிறப் பூனை ஒன்று முக்காலிமேல் ஏறியது. யோருன் அதைக் கையால் தட்டிவிட்டாள்.

"எறங்கு, திருட்டுக் கழுத! சாப்பாட்டு மேல இதுக்கு ஒரு கண்ணு."

"ரொம்பத் திருடுமா?" என்று கேட்டாள் டாக்னி.

"போன வருஷம் ஒரு தடவ கையும் களவுமா மாட்டிச்சு. ஹில்மார்தான் பாத்துச் சொன்னான். அதுலேந்து எனக்கு இதுமேல நம்பிக்க இல்ல."

வாசலில் காலணிகளை உதறும் சத்தம் கேட்டது. எய்லெர்ட் வந்தான். நாற்பது வயசு, இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். டாக்னியைக் கண்டதும் அந்த முகம் இறுகியது.

"போலீஸ் வேற கூப்பிட்டாச்சா, அம்மா? ஊரே சிரிக்கட்டும்."

"ஊரு சிரிக்கட்டும்டா. நீ மட்டும் புலம்பறியே, அதத்தான் என்னால பாக்க முடியல" என்றாள் யோருன்.

டாக்னி கார்டை எடுத்துவிட்டு அவனிடம் திரையைக் காட்டினாள். எய்லெர்ட் பார்த்தான். முகம் வெளிறிப்போனது. பார்த்துக்கொண்டே இருந்தவன் கேமராவைச் சட்டென்று மேசைமேல் வைத்துவிட்டான்.

"யாரோ வெளையாடறாங்க. வீட்டத்தான் யாரும் பூட்டறதில்லையே. எவனோ உள்ள வந்து எடுத்திருக்கான். அதுக்காகத்தான் சொல்றேன், அம்மா இங்க தனியா இருக்கக் கூடாதுன்னு."

"கேமரா எங்க வாங்கினீங்க, எய்லெர்ட்?"

"நகரத்துல. டிசம்பர்ல. கார்டோட சேத்து." அவன் சொன்னதை அம்மா பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்னி வேறெதுவும் கேட்கவில்லை. யோருன் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்குச் சூரியன் என்னிக்கு வருது?"

ஸ்குக்விக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் சூரியன் திரும்பும் நாள் தனி. இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி எந்த வீட்டுக்கு என்றைக்கு வழிவிடுகிறதோ அன்று. அந்த நாளில் பள்ளிக்கு அரை நாள் விடுமுறை, எண்ணெயில் பொரித்து உள்ளே ஜாம் வைத்த சூரிய பன் எல்லோர் வீட்டிலும் உண்டு.

"வியாழக்கிழம" என்றாள் யோருன். "செவிலி வர அன்னிக்கே. போன வருஷம் நான் பாக்கவே இல்ல. மாவு பெசஞ்சு பொரிச்சு முடிச்சு, அசந்து தூங்கிட்டேன்."

"இந்த வருஷமும் பன் போடுங்க. எல்லாரும் வரோம்."

காரில் ஏறியதும் பேடர் வெடித்தான். "பிசாசு நடமாடற வீட்டுல பன் கேக்கறியா நீ? அவன் முகம் போன போக்க பாத்தியா? அவன்தான் எடுத்திருக்கான். அம்மாவ பயமுறுத்தி வீட்ட விக்கறதுக்கு!"

"அப்படின்னா படத்தப் பாத்ததும் ஏன் அவன் பயந்தான்?"

பேடர் வண்டியைக் கிளப்பினான். அன்று ராத்திரி விளக்கை அணைக்காமலே படுத்தான். மனைவி கேட்டதற்கு மின்சாரம் மலிவாகிவிட்டது என்றான்.

வியாழக்கிழமை வானம் முழுக்க மேகம். யோருன் வீட்டில் பொரித்த மாவின் வாசனை. செவிலி டூரிட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சோபாவின் ஒரு முனையில், எய்லெர்ட் மறுமுனையில். யோருன் அந்த நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள், டாக்னிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முக்காலியில் பன் தட்டு. பேடர் ஜன்னலோரம் நின்று, தெற்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் தெரிந்த சாம்பல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்னி எல்லோரையும் இன்று கூட்டியது சூரியனை நம்பித்தான் என்பதால், அங்கே வெளுக்குமா வெளுக்காதா என்பதில் ஒரு கிழவியின் வீடு இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

டாக்னி டூரிட்டிடம் முதலில் கார்டு விஷயத்தைச் செய்தே காட்டினாள். போட்டாள், பூனை. எடுத்தாள், தூங்குகிறவள். டூரிட் தானே ஒரு முறை செய்து பார்த்தாள்.

"சரி. இவங்க சொன்ன படம் நெஜமாவே இருக்கு" என்றாள் டூரிட். "ஆனா யாரோ உள்ள வந்து எடுத்திருக்காங்கன்னா, அது இன்னும் மோசமாச்சே?"

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இந்த வீட்டுக்குள்ள யாரும் வரல. படத்துல இந்தக் கறுப்புச் சிலுவையப் பாருங்க. பேடர் அத சாவுக்கு அடையாளம்னான்."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்றான் பேடர்.

"சொன்னதோட விளக்கப் போட்டுட்டுத் தூங்கினே. உன் பொண்டாட்டியே சொன்னா." டாக்னி சிரிக்காமல் தொடர்ந்தாள். "அந்த ஜன்னல் சட்டத்தப் பாருங்க. குறுக்க ஒரு கட்ட, நெடுக்க ஒரு கட்ட. சிலுவ அதோட நெழல். நெழல் விழணும்னா வெயில் வேணும். நவம்பர்லேந்து இன்னிக்கு வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள வெயில் வந்ததா?"

டூரிட் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தலைக்கு மேல எரியற வட்டம் இந்தப் பித்தள பேரோமீட்டர். சூரியன் அந்த இடைவெளில ரொம்பத் தாழ இருக்கறப்பதான் வெயில் இவ்வளவு மேல விழும். மார்ச்சுல சூரியன் மேல ஏறிட்டா வெயில் தரைக்கு எறங்கிடும். அப்ப, வருஷத்துல சில நாள்தான் இந்தப் படத்த எடுக்க முடியும்."

"நவம்பர்ல போறப்பவும் சூரியன் இதே உயரந்தானே?" என்றான் பேடர். கேள்வி கேட்டதில் அவனுக்கே பெருமை.

"நல்ல கேள்வி. நவம்பர்ல யாராவது சூரிய பன் பொரிப்பாங்களா?" டாக்னி படத்தில் இருந்த பன் தட்டைக் காட்டினாள். "சூரியன் வந்த நாள்லதான் எடுத்திருக்காங்க. இந்த வருஷத்து நாள் இன்னிக்குத்தான். அதனால இது போன வருஷத்துப் படம். ஹில்மார் கடலுக்குப் போறதுக்கு மூணு வாரம் முன்ன."

யோருன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தாள்.

"அப்ப தலையில்லாத ஆளு?" என்று கேட்டாள் டூரிட்.

"ராத்திரில ஜன்னல் கண்ணாடிக்கு நேரா நின்னு ஃபிளாஷ் போட்டா என்ன ஆகும்? தன் உருவமே தெரியும், முகத்துக்கு முன்னாடி பிடிச்ச கேமராவோட வெளிச்சம் முகத்த அழிச்சிடும். புதுச் சாமான வாங்கினவன் செய்யற வெள்ளோட்டம் அது. கார்டு இன்னும் வாங்கல, அதனால எல்லாம் கேமராவோட வயித்துக்குள்ள போச்சு. மூணாவது படம் கொட்டகைக் கதவு. கேமராவ ஒளிச்சு வைக்கறதுக்கு அங்க போயிருக்காரு. தாரும் டீசலும் இருக்கற இடத்துல ஒரு அட்டப்பெட்டி மாசக்கணக்கா இருந்தா என்ன வாசன வரும், பேடர்?"

"படகு நாத்தம்" என்றான் பேடர், மெதுவாக.

"யோருன், உங்களுக்கு எழுபது வயசு ஆனது எப்ப?"

"போன மார்ச்சுல" என்றாள் யோருன். அவள் டாக்னியைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எய்லெர்ட் முகத்தைக் கைகளில் புதைத்தான். "கொட்டகைய ஒழுங்கு பண்ணறப்பக் கெடச்சுது. அப்பாவோட கருவிப் பெட்டில, துணி சுத்தி. கிறிஸ்துமஸுக்கு நான் ஒண்ணும் வாங்கல, அம்மா. மறந்துட்டேன். ஒரு கார்டு மட்டும் வாங்கிப் போட்டேன். அப்பா உன் பொறந்தநாளுக்குன்னு வச்சிருந்தார்ன்னு எனக்குத் தெரியாது, சத்தியமா. எடுத்து நீட்டினேன். 'எனக்காக யோசிச்சு வாங்கினியா'ன்னு கேட்டே. நீ அப்படி சிரிச்சு ஒரு வருஷம் ஆச்சு. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"அன்னிக்கு என்கிட்டயும் வாங்கினேன்னுதான் சொன்னீங்க" என்றாள் டாக்னி.

"படத்தப் பாத்ததும் எனக்கே குலை நடுங்கிப்போச்சு. அப்பாவோட கேமராவுக்குள்ள அப்பா! என்ன சொல்றது? ஆனா அதுக்கு முன்னாடி நான் பாத்தப்பல்லாம் ஒண்ணுமே இல்லையே. அம்மாவுக்குத்தான் புத்தி தடுமாறுதுன்னு நெனச்சேன். இவங்க பனில விழுந்தப்ப..."

அப்போதுதான் பேடர் கத்தினான். "வருது! வருது!"

மலைகளுக்கு நடுவில் மேகம் கிழிந்தது. ஒரு மஞ்சள் கோடு கடலைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, அறைக்குள் நீண்டது. பித்தளை பேரோமீட்டர் பற்றிக்கொண்டது. அதற்குக் கீழே, யோருனின் பின்னால், கறுப்புச் சிலுவை எழுந்து நின்றது. திரையில் இருந்த படத்துக்கும் அறைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, யோருன் விழித்திருந்தாள் என்பதைத் தவிர. காரணம் எல்லாம் தெரிந்த பிறகும் பேடருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டூரிட் பேனாவைப் பைக்குள் போட்டாள். "பனிக் காலத்துல கொட்டகைக்குப் போக மாட்டேன்னு சொல்லுங்க, யோருன். வாசப்படிக்கு ஒரு கைப்பிடி போட ஆளு அனுப்பறேன். வேற எந்த வேலையும் எனக்கு இங்க இல்ல."

யோருன் மகனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். "உங்கப்பன் குடுத்தத நீ கொண்டாந்து சேத்தே. தபால்காரன் வேலதான். அதுக்கு எதுக்குடா இவ்வளவு பொய்?" என்று அவன் தலையில் குட்டினாள். குட்டிய கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் டாக்னி. "மூலைல சின்னக் கட்டம் தெரியுதே, பேடர் தூசின்னு துடைச்சது. அப்படி இருந்தா அது படமில்ல, ஓடற படம். நீங்க அடுத்த படத்துக்குப் போற அம்புக்குறியத்தான் அழுத்திட்டு இருந்தீங்க. நான் அத ஓட்டிப் பாக்கல. அது எனக்கு எடுத்தது இல்ல."

அவள் கேமராவை யோருனின் கையில் வைத்து, அழுத்த வேண்டிய பொத்தானைக் காட்டிவிட்டு நகர்ந்து நின்றாள். யோருன் கேமராவை முகத்தருகே கொண்டுபோனாள். அழுத்தினாள்.

திரையில் வெயில் அசைந்தது. தூங்குகிறவளின் மூச்சு கேட்டது. பிறகு வெகு அருகில், அடக்கிய சிரிப்போடு, கரகரத்த ஒரு குரல்:

"பாருங்க இவள. மூணு மாசமா சூரியன் எப்ப வரும், எப்ப வரும்னு என் உசுர எடுத்தா. வந்து நிக்கிது, மகாராணி கொறட்ட விடறா. எழுப்ப மாட்டேன்ப்பா. இவ பன்ன நானே தின்னுடறேன்." மெல்லும் சத்தம். "கேட்டா பூனைன்னு சொல்லிடலாம்."

அவ்வளவுதான். திரை மறுபடியும் அசையாமல் நின்றது. பேடர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எய்லெர்ட்டின் தோள்கள் குலுங்கின. யோருன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் குனிந்து, காலடியில் கிடந்த பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் சுவரை விட்டு நழுவுவதற்குள் தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிட்டு, அதன் வாயருகே நீட்டினாள்.

"தின்னு" என்றாள். "ஒரு வருஷமா உன்னயில்ல திட்டிட்டிருந்தேன்."